மாற்றிப் பார்க்கலாம்!

நம் ஊர் மோட்டார்ப் பட்டறைகளில் ஒரு மந்திரம் வழங்கி வருகிறது. "மாத்திப் பார்க்கலாம் ஸார்!" என்பது அந்த மந்திரம். அதை உச்சரிப்பவருக்குச் செலவு எதுவும் இல்லை. கேட்டுக்கொண்டு நிற்பவருக்குத்தான் செலவு. பலித்துவிட்டால் புகழ் மந்திரவாதிக்கு. பலிக்காவிட்டால் மந்திரத்தில் குறையில்லை. மாற்ற வேண்டிய சாமான் இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். இப்படி ஒரு தோல்வியே இல்லாத சாஸ்திரம் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

அந்த மந்திரத்தைக் கண்டித்துத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு மோட்டார்ப் பட்டறையில் என்ன ஜோலி என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காரைக்கால் பகுதியில் கருக்களாச்சேரி என்ற கடலோர ஊரில் எனக்கு ஒரு ஸ்நேகிதர் இருக்கிறார். மீன் வியாபாரம். அவரிடம் ஒரு பழைய டீசல் வேன் உண்டு. விடிவதற்கு முன்னால் ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் பெட்டிகளில் அடைத்து, திருநள்ளாறு வழியாகக் கும்பகோணத்துக்கோ, தெற்கே நாகப்பட்டினத்துக்கோ கொண்டு போவார். அந்த வேன் திடீர் திடீரென்று நடுவழியில் நின்று போக ஆரம்பித்தது. பத்து நிமிஷம் கழித்து, யாரும் எதுவும் செய்யாமலேயே, ஒன்றும் நடவாதது போலக் கிளம்பிவிடும். பிறகு இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். மூன்றாம் நாள் மறுபடியும் நிற்கும்.

முழுக்கக் கெட்டுப்போன வண்டி ஒரு யோக்கியமான வண்டி. அது எழுந்திருக்காது, எங்கே வலிக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இடையிடையே நிற்கிற வண்டி, வைத்தியர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி. பட்டறைக்குப் போனால் மணிக்கணக்கில் ஓடிக் காட்டும். "வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். திரும்பி வரும்போது வழியில் நிற்கும். ஐஸ் உருகும், மீனின் கண் கலங்கும், மீனின் கண் கலங்கினால் வியாபாரியின் கண்ணும் கலங்க வேண்டியதுதான்.

முதல் பட்டறையில் டீசல் பில்டரை மாற்றினார்கள். எழுநூறு ரூபாய். நான்காம் நாள் வண்டி நின்றது. இரண்டாவது பட்டறையில் ஃபீட் பம்பை மாற்றி, ரப்பர் ஹோஸ்களையும் புதிதாகப் போட்டு, டேங்க் வரைக்கும் குழாயில் காற்றடித்து அனுப்பினார்கள். நாலாயிரத்து எண்ணூறு. பத்து நாள் வண்டி குதிரை மாதிரி ஓடியது. புது ஃபீட் பம்பின் மகிமை என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். பதினோராம் நாள் திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டியதும் நின்றது. மூன்றாவது பட்டறையில் பெரிய பம்பையே கழற்றி, நாசில்களோடு சர்வீஸுக்கு அனுப்பினார்கள். இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு. அந்தத் தொகைக்காக என் ஸ்நேகிதருடைய சம்சாரத்தின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. வண்டி ஆறு நாள் ஓடி, ஏழாம் நாள் நின்றது. நான்காவது பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, "எஞ்சினை இறக்கிப் பார்த்துடலாம்" என்றார்.

ஆக மொத்தம் இருபத்தொன்பதாயிரம் ரூபாய். இந்த நான்கு இடங்களிலும் ஒருவராவது, 'நிற்கும்போது எப்படி நிற்கிறது?' என்று கேட்கவில்லை. என் புகார் இதுதான். பணம் வாங்கியதைப் பற்றிக்கூட அல்ல. கேட்காமல் வாங்கியதைப் பற்றி.

இவர்கள் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நான்கு பேரும் உழைப்பாளிகள். மாற்றிய சாமான்கள் புதியவை. போட்ட வேலை சுத்தமான வேலை. திருடர்களாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை, போலீஸுக்குப் போயிருப்போம். யோக்கியமான மனிதர்கள் யோக்கியமாகவே ஒருவனைக் கடனாளியாக்க முடிகிறதே, அந்த ஏற்பாட்டைத்தான் குற்றம் சொல்கிறேன்.

டீசல் எஞ்சின் ஒன்றும் பரம ரகசியம் அல்ல. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் எஞ்சினியர் 1893இல் காப்புரிமை பெற்று, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஓட்டிக் காட்டிய யந்திரம் அது. பெட்ரோல் வண்டியைப் போல அதற்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை இறுக்கி அழுத்தினால் காற்று கொதிக்கும். அந்த நேரம் பார்த்து டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீச்சுகிற பம்பின் தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆகவே பழைய காலத்து டீசல் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது தானாக நின்றால், பெரும்பாலும் ஒரே காரணம்தான்: டீசல் போய்ச் சேரவில்லை. ஏன் போய்ச் சேரவில்லை என்பதற்கும் எண்ணிச் சொல்லிவிடக்கூடிய காரணங்களே உண்டு. வழியில் அடைப்பு இருக்கலாம், குழாயில் காற்று நுழையலாம், டேங்க் மூடியின் மூச்சுத் துவாரம் அடைபட்டு உள்ளே வெற்றிடம் சேரலாம், தண்ணீர் கலந்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், டீசலை நிறுத்துகிற மின்சார வால்வின் ஒயர் தளர்ந்திருக்கலாம். ஒவ்வொன்றும் வண்டியை ஒவ்வொரு விதமாக நிறுத்தும். ஒயர் விட்டால் சாவியைத் திருப்பினாற்போல் பட்டென்று அணையும். டீசல் பற்றாவிட்டால் திணறி, குலுங்கி, பலமிழந்து நிற்கும். காற்று நுழைந்திருந்தால், அதை வெளியேற்றாமல் மறுபடி கிளப்புவது கஷ்டம். மூடி அடைத்திருந்தால், திறந்ததும் 'உஸ்' என்று சத்தம் வரும். வண்டி ஊமை அல்ல. நாம்தான் செவிடர்கள்.

மாற்றிப் பார்க்கிற பழக்கம் நம் சந்துப் பட்டறைகளுக்கு மட்டும் சொந்தமானது என்று நினைத்துவிடக் கூடாது. உலகத்தின் முதல் ஜெட் பயணி விமானம் பிரிட்டிஷாருடைய காமெட். 1954 ஜனவரி 10ஆம் தேதி அவற்றில் ஒன்று இத்தாலியின் எல்பா தீவுக்கருகில் நடுவானில் சிதறியது. 35 பேர் மாண்டார்கள். காரணம் தெரியவில்லை. சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் மாற்றங்கள் செய்து, மார்ச் 23ஆம் தேதி மறுபடி பறக்க விட்டார்கள். ஏப்ரல் 8ஆம் தேதி நேப்பிள்ஸ் அருகே இன்னொரு காமெட் விழுந்தது, 21 பேர். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பார்த்தார்கள். ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, வானத்தில் ஏறி இறங்கும்போது உண்டாகிற அழுத்தத்தை ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினார்கள். ஒரு திறப்பின் மூலையில் உலோகம் களைத்துக் கிழிந்தது. செய்த மாற்றங்களில் ஒன்றுகூட அந்த இடத்தைத் தொடவில்லை. படித்த மேதைகளே மாற்றிப் பார்த்ததன் விலை அது. மேதைகளுக்கும் நம் பட்டறைக்காரருக்கும் உள்ள வித்தியாசம், அவர்கள் இரண்டாவது தடவையோடு நிறுத்திக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தார்கள் என்பதுதான்.

எஞ்சினை இறக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், கருக்களாச்சேரியிலேயே இருக்கிற ஒரு பெரியவரிடம் என் ஸ்நேகிதர் யோசனை கேட்கப் போனார். நானும் உடன் போனேன். ஃபைபர் படகுகளின் டீசல் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர் அவர். போர்டு கிடையாது, பட்டறையும் கிடையாது. வீட்டு வாசலில் ஒரு பூவரச மரமும் ஒரு சாமான் பெட்டியும்தான். கிழவரை ஒரு கடைசி ஆறுதலாகத்தான் நாங்கள் அணுகினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் வண்டியைப் பார்க்கவே எழுந்திருக்கவில்லை. "நிக்கறப்ப பட்டுன்னு நிக்குதா, திணறி நிக்குதா தம்பி?" என்று கேட்டார்.

"திணறித்தான் அண்ணே."

"டீசல் கம்மியா இருக்கறப்பவா, ரொம்பி இருக்கறப்பவா? ஊருக்குள்ளயா, நீட்டு ரோட்டுலயா? வெயில்லயா, விடியக்காலையிலயா?"

ஸ்நேகிதர் விழித்தார். எத்தனை தடவை நின்றது என்பதுகூட அவருக்கு நினைவில்லை. எந்தப் பட்டறையில் எவ்வளவு கொடுத்தோம் என்பது மட்டும் பைசா சுத்தமாக நினைவிருந்தது. "எழுதிக்கிட்டு வாங்க. பொறவு பாக்கலாம்" என்று பெரியவர் எங்களை அனுப்பிவிட்டார்.

எழுதுவது என் தொழில். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இரண்டு வாரம் அந்த வேனில் மீன்வாடையோடு உட்கார்ந்து பயணம் செய்தேன். நேரம், ஓடிய தூரம், டேங்கின் அளவு, சாலை, சுமை, நின்ற விதம், கிளம்ப ஆன நேரம்: ஏழு பத்திகள். ஒன்பது தடவை நின்றது. ஒன்பதும் வேகமாகப் போகிற நெடுஞ்சாலையில்; ஊருக்குள் ஒரு தடவைகூட இல்லை. டேங்க் நிறைந்திருந்தபோதும் நின்றது, கால் பங்கு இருந்தபோதும் நின்றது. வெயிலும் சுமையும் சம்பந்தப்படவில்லை. மூடியைத் திறந்தால் சத்தம் இல்லை. காற்று எடுக்காமலேயே, சும்மா இருந்தால் தானே கிளம்பியது. இரண்டு பக்கக் காகிதத்தில், மூன்று பட்டறைகள் பணம் வாங்கிய சந்தேகங்களில் பாதி செத்துவிட்டன.

பெரியவர் நோட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஐந்து லிட்டர் கேன் ஒன்றையும், உள்ளே போவது வெளியே தெரிகிற இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் குழாயையும் கொண்டுவரச் சொன்னார். குழாயின் விலை எண்பது ரூபாய். டேங்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து டீசல் போகும்படியும், மீதி டீசல் கேனுக்கே திரும்பும்படியும் இணைத்து, கேனை இருக்கைக்கு அருகே அசையாமல் கட்டினார். "பீடி கீடி பத்த வைக்கப்படாது" என்று உத்தரவு போட்டார். நாகப்பட்டினம் போய்த் திரும்பினோம். மறுநாள் தரங்கம்பாடி வரை போய்த் திரும்பினோம். மூன்றாம் நாள் மறுபடியும் நாகப்பட்டினம். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அந்த ஒரு சோதனையிலே வண்டியின் முன்பாதி முழுவதும் நிரபராதி என்று தீர்ப்பாகிவிட்டது. பில்டர், ஃபீட் பம்ப், பெரிய பம்ப், நாசில் எல்லாம் விடுதலை. இருபத்தொன்பதாயிரம் ரூபாய்ச் சாமானும் குற்றமில்லாத இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்தப்பட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு பழையபடி டேங்க்கோடு இணைத்து, நடுவில் அந்தக் கண்ணாடி போன்ற குழாயை மட்டும் விட்டுவைத்தார். வாஞ்சூர் பக்கத்தில் வண்டி திணறி நின்றது. குனிந்து பார்த்தோம். குழாயில் காற்றுக் குமிழி ஒன்றும் இல்லை. ஆனால் குழாய் இரு பக்கமும் உள்வாங்கிச் சப்பையாக ஒட்டிக்கொண்டிருந்தது. உறிஞ்சுகிறவன் உறிஞ்சியிருக்கிறான், அந்தப் பக்கம் யாரோ வாயைப் பொத்தியிருக்கிறார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் மெல்ல உருண்டு பழைய வடிவத்துக்கு வந்தது. சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பியது.

டேங்கைக் கழற்றி வடித்தோம். அடியில் கிடந்தது குற்றவாளி: ஒரு ரூபாய் அகலத்தில் ஒரு வட்டத் தகடு. எண்ணெய் கேன் மூடிக்குள் ஒட்டியிருக்குமே, அந்த மெல்லிய சீல். எப்போதோ கேனிலிருந்து டீசல் ஊற்றியபோது உள்ளே விழுந்திருக்கிறது. வேகமாகப் போகும்போது அது எழும்பிப் போய் உறிஞ்சுகுழாயின் வாயை மூடும். எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் விடும். அது கீழே இறங்கிவிடும். குழாய் வாயில் ஒரு சல்லடை இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சல்லடை இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் வாய்தான் இருந்தது. "அடிக்கடி அடைச்சுக்குதுன்னு எவனோ புடுங்கி எறிஞ்சிருக்கான்" என்றார் பெரியவர். முன்பொரு காலத்து ரிப்பேர்!

இரண்டாவது பட்டறைக்குப் பிறகு பத்து நாள் ஓடியதன் மர்மமும் விளங்கியது. அவர்கள் குழாயில் அடித்த காற்று தகட்டை எங்கோ ஒரு மூலைக்குத் தள்ளியிருக்கிறது. புகழ் ஃபீட் பம்புக்குப் போய்விட்டது. விட்டு விட்டு வருகிற கோளாறின் பெரிய ஆபத்து இதுதான். எதைச் செய்தாலும் கொஞ்ச நாள் குணமாகும். கடைசியாக எதைச் செய்தோமோ அதுவே மருந்து என்று நம்பிவிடுவோம். போலி வைத்தியர்கள் பிழைப்பதும் இந்த இடைவேளைகளில்தான்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதையும் கேட்டுவிடலாம். 'இப்போதெல்லாம் டீசல் மாறிவிட்டது, பழைய வண்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழுவழுப்பும் குறையும். அதற்காக வேறு மருந்து சேர்க்கிறார்கள். 1993இல் அமெரிக்காவில் இப்படி டீசலை மாற்றியபோது பழைய பம்புகளின் ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசிந்ததும் உண்டு. ஆனால் வளையம் கசிந்து காற்று நுழைந்தால் அந்த எண்பது ரூபாய்க் குழாயில் குமிழியாகத் தெரியுமே! பார்த்தீர்களா என்பதுதான் என் கேள்வி. உண்மையான காரணம்கூட, பார்க்காமல் சொன்னால் வெறும் சாக்குத்தான்.

'தடயமே இல்லாத கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?' என்பது இன்னொரு வாதம். 2008 ஜனவரி 17ஆம் தேதி பெய்ஜிங்கிலிருந்து வந்த ஒரு போயிங் 777 விமானம், லண்டன் ஹீத்ரூவில் இறங்கப் போகும் தறுவாயில், இரண்டு எஞ்சின்களுக்கும் எரிபொருள் போதாமல் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரை தட்டியது. தெய்வாதீனமாக 152 பேரும் பிழைத்தார்கள். டாங்கில் எரிபொருள் இருந்தது. குழாய்களில் அடைப்பு எதுவும் அகப்படவில்லை. எப்படி அகப்படும்? அடைத்தது பனிக்கட்டி, அது உருகிப் போய்விட்டது. சாட்சி ஆவியான வழக்கு! ஆனாலும் சோதனைச் சாலையில் அதே குளிரையும் அதே ஓட்டத்தையும் உண்டாக்கி, எரிபொருளில் உள்ள துளி ஈரம் உறைந்து எங்கே போய் அடைக்கிறது என்று காட்டினார்கள். எங்கள் தகட்டுக்கு அது அண்ணன் முறை. ஆகாய விமானத்துக்குச் செய்யலாம், மீன் வண்டிக்குச் செய்ய முடியாது என்றால், மீன் வண்டிக்குத் தேவைப்பட்டது ஒரு கேனும் ஒரு குழாயும் ஒரு நோட்டும்தான் என்று பதில் சொல்வேன்.

'புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் சொல்லிவிடும்' என்பவர்களும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர், டீசலின் அழுத்தம் குறைந்தது என்று சொல்லும். டேங்கின் அடியில் கேன் சீல் கிடக்கிறது என்று சொல்லாது. அந்த எண்ணைப் படித்தவுடன் சென்சாரை மாற்றிப் பார்க்கிறவர் பழைய மந்திரத்தைப் புதிய கருவியில் ஓதுகிறார், அவ்வளவே.

கருக்களாச்சேரியில் ஒரு கிழவருக்கு மட்டும் கேள்வி கேட்கிற புத்தி எப்படி வந்தது? நான் அவரையே கேட்டேன். "கடல்ல நின்னா மாத்திப் பாக்க அங்க கடையா இருக்கு?" என்றார். கரையில் தவறினால் பணம் போகும். அங்கே ஆள் போவான். தவறின் விலை தன் தலையில் விழும் என்று தெரிந்தவன் யோசிக்கிறான். பிறர் தலையில் விழும் என்று தெரிந்தவன் மாற்றிப் பார்க்கிறான்.

இத்தோடு நிறுத்தினால் பட்டறைக்காரர்களைத் திட்டிய திருப்தியோடு நான் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பெரியவர் கூலியாக ஐந்நூறு ரூபாய் கேட்டார். ஒரு வார காலம் அவர் எங்களோடு அலைந்திருக்கிறார். இருபத்து மூவாயிரத்து ஐந்நூறை முணுமுணுக்காமல் எண்ணிக் கொடுத்த என் ஸ்நேகிதர், "ஒரு தகட்டை எடுத்ததுக்கு ஐந்நூறா அண்ணே?" என்று கேட்டு, முந்நூறை நீட்டினார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அந்த நிமிஷம், 'சாமான் ஒன்றும் மாற்றவில்லையே' என்றுதான் தோன்றியது. வீட்டுக்குத் திரும்பி, நோட்டுப் புத்தகத்தைப் பிரித்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

மந்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள் நாம்தான். புதுச் சாமானை அட்டைப் பெட்டியோடு காட்டினால் பணம் கொடுப்போம். யோசித்ததற்குக் கொடுக்க மாட்டோம். நாலு கேள்வி கேட்டு, ஊசி போடாமல் அனுப்புகிற டாக்டரை 'ஒன்றும் தெரியாதவர்' என்று சொல்லி, அடுத்த டாக்டரிடம் ஊசிக்குப் போவோம். நோய் இன்னதென்று தெரிந்து, அது எதனால் வந்ததென்று தெரிந்து, பிறகு வைத்தியம் செய்யச் சொன்ன வள்ளுவரைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்துப் பரிசும் வாங்குவோம். பார்ப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் பட்டறைக்காரர் ஏன் பார்ப்பார்? அவருக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு. எதற்குக் காசு கிடைக்கிறதோ அதைச் செய்கிறார்.

ஆகவே என் யோசனை ரொம்பச் சின்னது. ரிப்பேர்ச் சீட்டில் சாமான் விலை, பொருத்துகூலி என்று இரண்டு வரி இருக்கிறதல்லவா? அதற்கு மேலே முதல் வரியாக, 'பார்த்த கூலி' என்று ஒன்று இருக்கட்டும். கோளாறு இன்னதென்று நிரூபித்தால் அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம். நிரூபிக்காமல் மாற்றிய சாமானுக்குக் கொடுக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லுவோம். அதோடு, வண்டி எப்படி, எங்கே, எப்போது நின்றது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போவது வண்டிக்காரன் கடமை என்றும் வைத்துக்கொள்வோம்.

வளையல்கள் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன. பாக்கி இருநூறு ரூபாயைப் பெரியவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "எதுக்கு தம்பி இது?" என்று கேட்டார். "பார்த்ததற்கு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அப்படி ஒரு கூலியை அவரும் கேள்விப்பட்டதில்லை.